வியர்வை எமனாகும் நாடு

உறைந்த கடலின் மேல் ஒருவன் நிற்கிறான்.

அசையாமல் நிற்கிறான். இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்கிறான். கையில் ஈட்டி. காலடியில் பனிக்கட்டியில் ஒரு சின்னத் துளை.

அது சீல் என்னும் கடல்நாய் மூச்சு விட வரும் துளை. பனிக்கட்டிக்கு அடியில் நீந்தும் சீல், காற்றுக்காக மேலே வந்தே தீரவேண்டும். அதற்காக அது பல இடங்களில் பனிக்கட்டியை நகத்தால் சுரண்டித் துளை போட்டு வைத்திருக்கும். எந்தத் துளைக்கு எப்போது வரும்? அது சீலுக்குத்தான் தெரியும்.

ஆகவே வேடன் காத்திருக்கிறான். ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு மணி நேரம் ஆகிறது. சில நாட்களில் பொழுது முழுவதும் போய்விடும்.

துளையில் ஒரு மெல்லிய எலும்புக் குச்சி நிற்கிறது. குச்சி அசைந்தால் சீல் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியே ஈட்டி பாயவேண்டும். அதற்கு முன்னால் அவன் காலை மாற்றி வைத்தால், பனி நறநற என்று சத்தம் போடும். சீல் போய்விடும். வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடக்கும்.

குளிர் எவ்வளவு? பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி! வீட்டில் ஐஸ் உறையவைக்கும் பெட்டியின் குளிரே பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிதான். அதைவிட இது எவ்வளவு கொடுமை என்று எண்ணிப் பாருங்கள்.

வட கனடாவின் கடற்கரைகளில் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வேட்டையாடினார்கள். எஸ்கிமோக்கள் என்று பழைய பாடப் புத்தகங்களில் படித்தோமே, அவர்களேதான். அந்தப் பெயரை அவர்கள் விரும்புவதில்லை. இனுயிட் என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். அவர்கள் மொழியில் அதற்கு "மனிதர்கள்" என்று பொருள்.

இவ்வளவு குளிரில் அந்த வேடன் எப்படி உயிரோடு நின்றான்? அவன் உடம்பில் வேறு ரத்தமா ஓடியது? இல்லை. எல்லோருக்கும் ஓடுகிற அதே ரத்தம்தான். அவனைக் காத்தது அவனுடைய உடுப்பு. அந்த உடுப்பைத் தைத்தது ஒரு பெண்ணின் கை.

பகைவன் யார்?

கடுங்குளிரில் வேட்டைக்குப் போகிறவனுக்குப் பெரிய பகைவன் எது என்று கேட்டால், கரடி என்று சிலர் சொல்வார்கள். பனிக்காற்று என்று சிலர் சொல்வார்கள்.

இரண்டும் பகைதான். ஆனால், அவற்றை விடப் பொல்லாத பகைவன் ஒருவன் இருக்கிறான். அவன் வெளியே இருந்து வருவதில்லை. உடம்புக்குள் இருந்தே வருகிறான். அவன் பெயர் வியர்வை!

வெயில் நாட்டில் வியர்வை உடம்புக்கு நண்பன். வியர்வை காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் சித்திரை வெயிலில் பருத்தி வேட்டியும் பருத்திச் சேலையும் சுகமாக இருக்கின்றன. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொள்கிறது. மெல்ல மெல்லக் காய்கிறது. உடம்பு குளிர்கிறது.

இதே காரியம் பனி நாட்டில் நடந்தால் என்ன ஆகும்? நண்பன் எமனாகிவிடுவான்!

வேடன் வேகமாக நடக்கிறான். வியர்க்கிறது. உள்சட்டை நனைகிறது. பிறகு அவன் ஓரிடத்தில் நிற்கிறான். நடந்தபோது பிறந்த சூடு நின்றுவிட்டது. நனைந்த துணி மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. காற்றைப்போல் அல்ல தண்ணீர். அது பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். உடம்பின் சூடு கடகடவென்று வெளியே போகிறது.

மனித உடம்பின் உள்சூடு ஏறக்குறைய 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. முதலில் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். பிறகு நாக்கு குழறும். விரல் சொன்னபடி கேட்காது. புத்தி தடுமாறும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். "அப்பாடா, குளிர் விட்டது" என்று அவன் நினைப்பான். உண்மையில் உயிர் விடும் நேரம் அது.

ஆகவே குளிர் நாட்டு வேடனுக்கு முதல் பாடம், கனமாக உடுத்துவது அல்ல. நனையாமல் இருப்பது!

காற்றே போர்வை

கனமான ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது.

சூட்டைக் காப்பது துணி அல்ல. துணிக்குள் அடைபட்டு நிற்கும் காற்று. அசையாத காற்று சூட்டை எளிதில் வெளியே விடாது. பஞ்சு மெத்தை கதகதப்பாக இருப்பதும், கம்பளி கதகதப்பாக இருப்பதும் இதனால்தான். ஒன்றின் மேல் ஒன்றாகச் சில உடுப்புகள் போட்டால், ஒவ்வொன்றுக்கும் நடுவில் காற்று தங்கும். அதுதான் உண்மையான போர்வை.

இன்று குளிர் நாடுகளில் வேட்டைக்குப் போகிறவர்கள் மூன்று அடுக்காக உடுத்துகிறார்கள்.

முதல் அடுக்கு உடம்பை ஒட்டி இருப்பது. மெல்லிய கம்பளியோ, செயற்கை நூலோ நல்லது. அது வியர்வையைத் தோலில் தங்கவிடாமல் வெளியே தள்ளும். பருத்தி மட்டும் இங்கே கூடவே கூடாது.

இரண்டாவது அடுக்கு சூட்டைக் காப்பது. கம்பளி, பறவையின் மென்சிறகு அடைத்த சட்டை முதலியவை இதற்கு ஏற்றவை. மென்சிறகு நனைந்தால் அமுங்கிப் பயனற்றுப் போகும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

மூன்றாவது அடுக்கு காற்றைத் தடுப்பது. உள்ளே எத்தனை சட்டை இருந்தாலும், காற்று புகுந்து அடித்தால் அத்தனையும் வீண்.

வேடனுக்கு இன்னொரு கவலையும் உண்டு. சத்தம்! சில நைலான் கோட்டுகள் கையை அசைத்தாலே சரசரக்கும். குளிரில் அந்தத் துணி விறைத்துவிட்டால் சத்தம் இன்னும் அதிகம். மானுக்குக் காது கூர்மை. கம்பளியும் ரோமத் தோலும் சத்தம் போடாது.

மான் கொடுத்த சட்டை

அடுக்கடுக்காக உடுத்தும் இந்த வித்தையைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இனுயிட் மக்களுக்கு இது பாட்டன் பூட்டன் காலத்துச் சங்கதி.

அவர்களுடைய நாட்டில் பருத்தி விளையாது. ஆடு மேய்க்கவும் முடியாது. இருந்தது கரிபூ என்னும் மான். அதன் தோலே அவர்களுக்குத் துணி.

கரிபூவின் ரோமத்தில் ஓர் அதிசயம் உண்டு. ஒவ்வொரு ரோமத்துக்குள்ளும் காற்று அடைபட்டிருக்கும். ரோமங்களுக்கு நடுவிலும் காற்று. ரோமத்துக்கு உள்ளேயும் காற்று. குளிருக்கு இதைவிட நல்ல சரக்கு ஏது?

கடுங்குளிர் காலத்தில் வேடன் இரண்டு தோல் சட்டை போடுவான். உள்சட்டையின் ரோமம் உடம்பைப் பார்த்திருக்கும். வெளிச்சட்டையின் ரோமம் வெளியே பார்த்திருக்கும். காற்சட்டையும் அப்படியே இரண்டு அடுக்கு.

சட்டையின் முன்பக்கத்தில் திறப்பு கிடையாது. தலை வழியாகத்தான் மாட்டவேண்டும். அதனால் மார்பில் காற்று புகாது. சட்டையோடு சேர்த்தே தலைமூடியும் தைத்திருக்கும்.

சட்டை தொளதொள என்று இருக்கும். பார்ப்பவர்கள் அளவு தெரியாமல் தைத்துவிட்டதாக நினைப்பார்கள். அதில்தான் சூட்சுமம். வேடனுக்குச் சூடு அதிகமானால் கழுத்தைத் தளர்த்தித் தலைமூடியைப் பின்னால் தள்ளுவான். சூடான காற்று மேல் வழியாக வெளியே போய்விடும். வியர்க்காது. நின்றதும் மறுபடி மூடிக்கொள்வான். பொத்தானும் இல்லை, பூட்டும் இல்லை. ஆனாலும் சன்னல் வைத்த வீடு போன்றது அந்தச் சட்டை!

தலைமூடியின் ஓரத்தில் வுல்வரின் என்னும் விலங்கின் ரோமத்தை வைத்துத் தைப்பதும் உண்டு. விடுகிற மூச்சு முகத்தருகே உறைந்து பனியாகும். இந்த ரோமத்தில் படிந்த பனியைக் கையால் தட்டினால் எளிதில் உதிர்ந்துவிடும்.

சீல் துளையின் அருகே நிற்கும்போது, காலுக்கு அடியில் ஒரு துண்டு ரோமத் தோலைப் போட்டுக்கொள்வான். கால் குளிராது. சத்தமும் கேட்காது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

ஊசி பிடித்த கை

வேட்டை என்றால் ஆண்பிள்ளை வீரம் என்று கதை எழுதுகிறார்கள். பாதிக் கதைதான் அது. மீதிப் பாதி வீட்டில், ஊசி முனையில் இருந்தது.

எந்த மானின் தோல் சட்டைக்கு ஆகும், எது படுக்கைக்கு ஆகும் என்று பெண்களுக்குத் தெரியும். கோடை முடியும் சமயத்தில் கிடைக்கும் தோலில் ரோமம் அளவாக இருக்கும். சட்டைக்கு அதுதான் உகந்தது. நடுக்குளிர் காலத்து மானின் ரோமம் மிக நீளம். அது விரித்துப் படுக்க நல்லது.

தோலைச் சுரண்டிச் சுரண்டி மென்மையாக்க வேண்டும். அரை வட்டக் கத்தியால் வெட்டவேண்டும். மானின் முதுகுத் தசைநாரை எடுத்துக் காயவைத்து, நூலாகப் பிரித்துத் தைக்கவேண்டும். காலணியின் அடித்தோல் விறைப்பாக இருந்தால் பல்லால் கடித்துக் கடித்துப் பதப்படுத்துவார்கள். இப்படிக் கடித்தே வயதான பெண்கள் பலருக்குப் பல் தேய்ந்து போனது.

காலணிக்குச் சீல் தோல். அதில் போடும் தையலைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஊசி தோலின் பாதிக் கனம் வரைதான் போகும். மறுபக்கம் வராது. துளை விழாத இடத்தில் தண்ணீர் எப்படிப் புகும்? நனைந்தால் நார் உப்பித் தையலை இன்னும் இறுக்கும்.

ஒரு தையல் விட்டால் ஒரு கால் நனையும். கால் நனைந்தால் விரல் விறைக்கும். விரல் போனால் வேட்டை போகும். வேட்டை போனால் குடும்பமே போகும். அந்தத் தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வீடு திரும்பியதும் வேலை முடியாது. பனி படிந்த சட்டையை வாசலிலேயே தடியால் தட்டி உதறவேண்டும். அப்படியே உள்ளே கொண்டுபோனால் பனி உருகிச் சட்டை ஈரமாகிவிடும். மறுநாள் வெளியே போனால் அந்த ஈரம் உறையும். அதற்காகவே வீடுதோறும் ஒரு தட்டுக்கோல் இருந்தது.

129 பேர்

இவ்வளவும் தெரிந்த மக்களை, வெளியிலிருந்து வந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? பச்சை மாமிசம் தின்னும் காட்டுமிராண்டிகள் என்று பார்த்தார்கள். அந்த அகம்பாவத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

1845-ம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஜான் பிராங்க்ளின் என்ற கப்பல் தளபதி வட கனடாவுக்குப் புறப்பட்டார். இரண்டு கப்பல்கள். பனிக்கடலில் புகுந்தபோது அவரோடு சேர்த்து 129 பேர். கிங் வில்லியம் தீவின் அருகே கப்பல்கள் பனியில் சிக்கின. 1848-ம் ஆண்டு மாலுமிகள் கப்பல்களைக் கைவிட்டு நடந்தார்கள். கடற்படைக்காரர்களின் கம்பளி உடுப்போடு கனமான படகுகளை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை.

அதே தீவில் இனுயிட் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தன!

1903-ம் ஆண்டு அதே தீவுக்கு இன்னொருவர் வந்தார். நார்வே நாட்டைச் சேர்ந்த ரோல்டு அமுண்ட்சென். அவர் இரண்டு குளிர்காலம் அங்கே தங்கினார். நெட்சிலிக் என்னும் இனுயிட் பிரிவினரோடு பழகினார். ஆசிரியராக அல்ல, மாணவராக! தோல் உடுப்பைக் கேட்டு வாங்கி உடுத்திப் பார்த்தார். எப்படித் தொளதொளப்பாக உடுத்துவது, எப்படி வியர்க்காமல் நடப்பது என்று கற்றார். நாய் வண்டி ஓட்டுவதிலும் அவர்களிடம் பாடம் கேட்டார்.

1911-ம் ஆண்டு டிசம்பர் 14-ந்தேதி அமுண்ட்செனும் நான்கு தோழர்களும் தென் துருவத்தை அடைந்தார்கள். உலகத்திலேயே முதலாவதாக! ஐந்து பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

இங்கிலாந்தின் ஸ்காட் 1912-ம் ஆண்டு ஜனவரி 17-ந்தேதி அங்கே சேர்ந்தார். அவரோடும் நான்கு பேர். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டார்கள்.

விறைத்துப்போன கழுத்து

ஸ்காட்டின் கூட்டத்தைச் சேர்ந்த மூன்று பேர், 1911-ம் ஆண்டு நடுக்குளிர் காலத்தில், பென்குவின் முட்டை எடுக்க ஒரு பயணம் போனார்கள். அவர்களில் ஒருவர் செர்ரி காரார்ட். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பிற்பாடு ஒரு புத்தகம் எழுதினார்.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி வரை போயிற்று. பனிவண்டியை அவர்களே இழுத்தார்கள். இழுத்ததால் வியர்த்தது. வியர்வை உடுப்பில் உறைந்தது.

ஒரு நாள் காலையில் செர்ரி காரார்ட் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். அவ்வளவுதான்! தலையைத் திருப்ப முடியவில்லை. சில வினாடிகளில் உடுப்பு பலகைபோல் விறைத்துவிட்டது. நிமிர்ந்த தலையோடு நான்கு மணி நேரம் வண்டி இழுத்தார்.

தூங்கும் பைகளிலும் மூச்சும் வியர்வையும் உறைந்து பனிக்கட்டி சேர்ந்தது. ஊர் விட்டுக் கிளம்பியபோது இருந்த எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனத்தன அந்தப் பைகள்!

நியாயம் எது?

ஸ்காட் மாண்டதற்கு உடுப்பு ஒன்றே காரணம் என்று சொன்னால் அது அநியாயம். உணவு போதவில்லை. அந்த ஆண்டு குளிர் எதிர்பார்த்ததைவிடக் கடுமை. எரிபொருளும் குறைந்துபோனது. மேலும், வண்டியைக் கையால் இழுப்பவன் இரண்டு தோல் சட்டை போட்டால் இன்னும் அதிகமாக வியர்த்துப்போவான். அமுண்ட்சென்கூடச் சறுக்குக் கட்டையில் போகும்போது எல்லா நேரமும் ரோம உடுப்பை அணியவில்லை. வேண்டும்போது போட்டார். வேண்டாதபோது கழற்றினார்.

ஆனால், இதிலேயே பாடம் இருக்கிறது. உடுப்பு என்பது சட்டை மட்டும் அல்ல. எப்படி நடப்பது, எதை இழுப்பது, எப்போது நிற்பது, எப்போது கழற்றுவது எல்லாம் சேர்ந்ததுதான் உடுப்பு. சட்டையை மட்டும் கடையில் வாங்கலாம். இந்தப் புத்தியை வாங்க முடியாது. அறிந்தவர்களிடம் பணிந்து கற்கவேண்டும்.

இன்றும் பணக்கார வேட்டைக்காரர்கள் சிலர் விலை உயர்ந்த கோட்டுகளை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். வாசலிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அரை மணி நேரத்தில் தொப்பலாக நனைகிறார்கள். பிறகு மறைவிடத்தில் உட்கார்ந்து நடுங்குகிறார்கள்.

அனுபவசாலி அப்படிச் செய்யமாட்டான். புறப்படும்போது கொஞ்சம் குளிரட்டும் என்றே கிளம்புவான். கனத்த சட்டையை மூட்டையில் கட்டி முதுகில் போட்டுக்கொள்வான். போய்ச் சேர்ந்து நின்றதும், குளிரும் முன்னே அதை எடுத்து மாட்டுவான். விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும்படி, விரல் பிரியாத கையுறை அணிவான். காலுறையை மூன்று நான்காகத் திணித்துக் காலணியை இறுக்கமாட்டான். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். கால் இன்னும் சில்லிடும். வெறும் கையால் துப்பாக்கியின் இரும்பைத் தொடமாட்டான். தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

தொலைந்துபோகும் சொத்து

இந்த அறிவு இன்று ஆபத்தில் இருக்கிறது. அதுதான் பெரிய வேதனை.

கனடாவில் இனுயிட் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, தூரத்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்த காலம் உண்டு. தாயின் அருகே உட்கார்ந்து ஊசி பிடிக்கவேண்டிய வயதில், மகள் எங்கோ தூரத்தில் இருந்தாள். அந்தப் பள்ளிகளில் நடந்தவற்றுக்காக 2008-ம் ஆண்டு கனடாவின் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கேட்டது நல்லதுதான். ஆனால், ஒரு தலைமுறை போடாத தையலை மன்னிப்பு போட்டுவிடுமா?

கரிபூ மான்களும் பல இடங்களில் மிகக் குறைந்துவிட்டன. பாபின் தீவில் 2015-ம் ஆண்டு கரிபூ வேட்டையையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. மான் இல்லாவிட்டால் தோல் ஏது? தோல் இல்லாவிட்டால் தையல் ஏது?

ஆனாலும் அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. பாட்டிமார்கள் பேத்திகளைக் கூட்டிவைத்துத் தோல் வெட்டவும் தைக்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடைச் சட்டையும் உடுத்துகிறார்கள். மோட்டார் பனிவண்டியும் ஓட்டுகிறார்கள். ஆனால், கடுங்குளிரில் நெடுந்தூரம் போகவேண்டி வந்தால், தோல் சட்டையை விரும்பி எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நடுவழியில் மோட்டார் நின்றுபோகலாம். தோல் சட்டை நிற்காது.

அந்தப் பாட்டிமார்கள் பலர் பள்ளிக்கூடம் போனவர்கள் அல்ல. பட்டம் வாங்கியவர்கள் அல்ல. ஆனால், கப்பல் நிறைய நூல்களோடு போன பிராங்க்ளின் கூட்டத்துக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். எழுத்தில் இருப்பது மட்டும் படிப்பு அல்ல. ஊசி முனையில் இருப்பதும் படிப்புதான்!

வேடன் சீலோடு வீடு திரும்பினால் ஊரே அவனைப் புகழும். புகழட்டும். ஆனால், அவன் கால் நனையாமல் திரும்பினானே, அதற்காக அவன் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு மாலை போடவேண்டும்.